நான் எழுதிய சமாதானம்

வருடா வருடம் மார்ச் மாதக் கடைசியில் நான் முதலாம் உலகப் போரை முடித்து வைப்பேன். அதற்குள் பனி உருகத் தொடங்கியிருக்கும். பிள்ளைகளின் சப்பாத்துகளிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்து வகுப்பறைத் தரை முழுக்க வெள்ளைக் கறையாகக் கிடக்கும். பலகையின் நடுவே ஒரு கோடு கீறி, இடது பக்கம் நோக்கங்கள், வலது பக்கம் விளைவுகள் என்று பிரெஞ்சில் எழுதுவேன். இடது பக்கத்தைப் பிள்ளைகள் மளமளவென்று நிரப்பிவிடுவார்கள். இனிமேல் போர் வராமல் பார்ப்பது, தோற்றவனைக் கட்டிப்போடுவது, எல்லைகளைத் திருத்துவது. வலது பக்கத்துக்கு வரும்போதுதான் கொட்டாவி வரும். எனக்கும் வரும். இருபது வருடத்துக்கு மேலாக இதே பாடம். எழுதினார்கள், கையெழுத்து வைத்தார்கள், இருபது வருடத்தில் திரும்பவும் அடித்துக்கொண்டார்கள். இதைச் சொல்லி முடிக்கப் பாடத்திட்டம் மூன்று வாரம் தருகிறது. மூன்று வசனம் போதும்.

அந்த வருடம் நான் வலது பக்கத்தை எழுதத் தொடங்கிய நேரம் காரியாலயத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். அம்மா போய்விட்டார். செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பாடவேளை. எண்பத்தெட்டு வயது, நான்கு வருடமாகப் படுக்கை, எதிர்பார்த்ததுதான். தொலைபேசியை வைத்துவிட்டு நான் முதலில் நினைத்தது அம்மாவைப் பற்றி அல்ல. அண்ணன்மார் இரண்டு பேரும் இனி ஒரே அறைக்குள் நிற்க வேண்டி வருமே என்றுதான் நினைத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

பெரிய அண்ணன் மொன்றியல் ஓரத்தில் இல்-பிசார் தீவில் இருக்கிறார். டவுன்டவுன் உணவகங்களின் குசினிகளில் அரைவாசி ஆயுளைக் கழித்தவர். மனைவி இறந்து, பிள்ளைகள் ரொறன்ரோவுக்குப் போன பிறகு, ஆட்கள் லேசில் வந்து சேர முடியாத அந்தத் தீவில் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு தனியே போய்விட்டார். சின்ன அண்ணன் பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறார். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை ஒன்றில் வேலை. அம்மா அவரோடுதான் இருந்தார். அவரோடு இருந்தார் என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. அம்மாவைக் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்ததும் சின்ன அண்ணனின் மனைவி, என் மச்சாள். அவர் எங்களுக்குப் புதுச் சொந்தம் இல்லை. அம்மாவின் கூடப்பிறந்த தம்பியின் மகள். அம்மாவை மாமி என்று கூப்பிட்டுக்கொண்டே எங்கள் முற்றத்தில் விளையாடி வளர்ந்தவர்.

அண்ணன்மார் முப்பது வருடத்துக்கு மேலாக ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும், எவரும் வாயால் சொல்வதில்லை. ஊரில் பெரிய அண்ணன் ஒரு ஆயுத இயக்கத்தில் இருந்தார். சின்ன அண்ணனும் மச்சாளின் தம்பியும் இன்னொரு இயக்கத்தில் இருந்தார்கள். முதலாவது இரண்டாவதைத் தடை செய்த கிழமை, சின்ன அண்ணன் எப்படியோ தப்பி மன்னார்ப் பக்கம் போய் ஒளித்துக்கொண்டார். மச்சாளின் தம்பி ஓடவில்லை. அவனுக்குப் பத்தொன்பது வயது. விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று பெரிய அண்ணனின் இயக்கத்தார் வீட்டுக்கு வந்து முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். விடவில்லை. அப்போது எனக்குப் பதினொரு வயது.

தம்பி வரும்வரை கல்யாணம் வேண்டாம் என்று மச்சாள் ஒரே பிடியாக நின்றார். சின்ன அண்ணனுக்கும் அவருக்கும் முன்னமே பேசி வைத்திருந்த கல்யாணம் அது. அம்மா ஒவ்வொரு நாளும் மாமா வீட்டுக்குப் போய் அவரோடு இருந்து கதைத்தார். நீ கட்டிக்கொண்டு அவனோடு கடல் தாண்டினால் ஒரு உயிராவது மிஞ்சும், தம்பி வெளியில் வந்ததும் உங்களிடம்தான் வந்து சேருவான் என்று சொல்லிச் சொல்லியே சம்மதிக்க வைத்தார். மன்னாரில் ஒரு சின்னக் கோயிலில் பத்துப் பேரோடு கல்யாணம் நடந்தது. அடுத்த மாதம் இரண்டு பேரும் படகேறினார்கள். அதற்கும் சில வருடம் கழித்துப் பெரிய அண்ணனும் இயக்கத்தை விட்டுவிட்டு மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். வந்த கிழமையே சின்ன அண்ணன் அவரை ஒரு கேள்வி கேட்டாராம். அவனைக் கொண்டுபோன நேரம் நீ அந்த முகாமில் இருந்தாயா, இல்லையா? பெரிய அண்ணன் பதில் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டார். அன்றைக்கு நின்ற பேச்சு.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பம் ஒரு நேர அட்டவணையில் ஓடியது. ஞாயிறு ஒன்பது மணிப் பூசைக்குப் பெரிய அண்ணன், பதினொரு மணிப் பூசைக்குச் சின்ன அண்ணன். சின்ன அண்ணன் சந்தையில் நிற்கும் நேரம் பார்த்துப் பெரிய அண்ணன் அம்மாவைப் பார்க்க வருவார். மச்சாள் கதவைத் திறந்து, வாங்கோ அத்தான் என்று சொல்லித் தேநீர் வைத்துக் கொடுப்பார். அவர் குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவார். பின்னேரம் அம்மாவும் மச்சாளும் செபம் சொல்லி முடிக்கும்போது, தம்பி நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று கடைசியாக ஒரு மன்றாட்டு. தொடங்குவது எப்போதும் அம்மாதான்.

பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் லீவு எடுத்தேன். அழுவதற்கு அல்ல, சமாதானம் பேசுவதற்கு. மெற்றோவில் பச்சைக் கோடு, செம்மஞ்சள் கோடு, பிறகு பேருந்து, பிறகு இன்னொரு பேருந்து என்று இல்-பிசாருக்குப் போவதும், திரும்பிப் பார்க்-எக்ஸ்டென்ஷன் படிகளில் ஏறுவதுமாக என் முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. திருத்தாத பரீட்சைத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பிரிவு ஒன்று, பிரிவு இரண்டு என்று எழுதி வைத்திருந்தேன். வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. தொழில் அப்படி.

“தலைமாட்டிலை ஆர் நிக்கிறது?” என்று பெரிய அண்ணன் கேட்டார்.

“ரெண்டு பேரும். ஒராள் வலப்பக்கம், ஒராள் இடப்பக்கம்.”

“அவன் ஒத்துக்கொண்டவனோ?”

“நீங்கள் ஓமெண்டால் அவரும் ஓமெண்டு சொல்லுவார்.”

மூன்று மணித்தியாலம் கழித்துச் சின்ன அண்ணனிடம் அதே வசனத்தைத் திருப்பிச் சொன்னேன். இரண்டு பேரிடமும் பொய்தான். இராஜதந்திரிகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நக்கலாகச் சொல்லும் போதெல்லாம் அந்த வேலை இவ்வளவு லேசாக வரும் என்று நினைத்ததில்லை.

முதலாம் பிரிவு நிற்கும் இடம். இரண்டாம் பிரிவு நன்றியுரை. சின்ன அண்ணன் வாசிப்பார், பெரிய அண்ணன் பக்கத்தில் நிற்பார். மூன்றாவது, மரண அறிவித்தலில் தொடர்புகளுக்கு என்று போடும் தொலைபேசி இலக்கம். அதற்கு மட்டும் அரை நாள் போனது. அம்மா என்னோடை இருந்தவ, என்ரை நம்பர்தான் முதல் வரவேணும் என்று ஒருவர். மூத்தவன் நான் இருக்க அவன்ரை நம்பரோ என்று மற்றவர். அம்மா சவச்சாலையில் குளிருக்குள் கிடக்கிறார், இங்கே தலை நரைத்த இரண்டு மனிதர் பத்து இலக்கங்களுக்காகக் குடுமிப்பிடி. எனக்கு வந்த எரிச்சலுக்கு இரண்டு பேரையும் பிடித்து வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். கடைசியில் என் இலக்கத்தை மட்டும் போடுவது என்று முடிந்தது.

நாலாவது பிரிவை நானே யோசித்துச் சேர்த்தேன். பழைய விசயம் எதையும் எவரும், அடக்கத்துக்கு முன்போ பின்போ, கதைப்பதில்லை. பெருமைப்பட்டுக்கொண்டுதான் எழுதினேன். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பா முப்பது வருடம் அடித்துக்கொண்டு ஓய்ந்தபோது எழுதிய ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது. நடந்ததையெல்லாம் இரண்டு தரப்பும் என்றென்றைக்கும் மறந்துவிட வேண்டும் என்று அதில் சட்டமே போட்டார்கள். பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தபோது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று வியந்தது ஞாபகம் இருக்கிறது. அண்ணன்மார் இரண்டு பேரும் ஒரு நிமிடமும் யோசிக்காமல் ஓம் என்ற பிரிவு அது ஒன்றுதான். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். களைப்பில் சந்தோசம்தான் வந்தது.

சின்ன அண்ணனோடு இதையெல்லாம் மேசையில் வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தபோது மச்சாள் குசினிக்குள் நின்றார். வருகிறவர்களுக்குக் கொடுக்க றோல்ஸ் உருட்டிக்கொண்டிருந்தார். தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

“எல்லாம் சரி வந்ததோ?” என்று கேட்டார்.

“ஓம் மச்சாள், எல்லாம் சரி,” என்றேன்.

அவ்வளவுதான் நான் அவரோடு கதைத்தது.

வியாழக்கிழமை பின்னேரம் மரண அறிவித்தலை எழுத உட்கார்ந்தேன். எங்கள் ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று வெளியாருக்கு விளங்காது. இறந்தவர் யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருடைய தாய், யாருடைய சகோதரி, யாருடைய மாமி என்று வரிசையாக எல்லாப் பெயரும் வர வேண்டும். உயிரோடு இருக்கும் ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் நாடு வர வேண்டும். கனடா, பிரான்ஸ், இலண்டன், இலங்கை. இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று வர வேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் பத்து வருடத்துக்குக் கோபம். ஆகவே எல்லாரும் செய்வதுபோல நானும் பழைய அறிவித்தல்களை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

மச்சாளின் தகப்பன், எங்கள் மாமா, இறந்தபோது வந்த அறிவித்தலும் அதில் இருந்தது. மச்சாளே எழுதியது. மாமாவின் பிள்ளைகள் வரிசையில் மச்சாளின் பெயருக்குப் பின்னால் கனடா என்று இருந்தது. அடுத்ததாகத் தம்பியின் பெயர். அதற்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லை. முன்னாலும் எதுவும் இல்லை. வெறும் பெயர். அவசரத்தில் விடுபட்டது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு அவன் தம்பி மகன், மருமகன் முறை. முறைப்படி அவன் பெயர் வர வேண்டும். அதோடு, நான் அவனைச் சேர்த்தால் மச்சாளுக்கும் மனம் ஆறும், இந்தச் சமாதானத்தில் அவருக்கும் ஏதோ கிடைத்ததாக இருக்கும் என்று நினைத்தேன். நல்ல மனதோடுதான் செய்தேன். அவன் பெயரை எழுதி, முன்னால் காலஞ்சென்ற என்று போட்டேன். கை ஒரு கணமும் நிற்கவில்லை. அண்ணன்மார் இரண்டு பேருக்கும் அனுப்பினேன். இரண்டு பேரும் ஐந்து நிமிடத்தில் சரி என்று பதில் போட்டார்கள். மச்சாளுக்கு அனுப்பவில்லை. சின்ன அண்ணன் பார்த்தால் அவர் பார்த்த மாதிரித்தானே என்று இருந்துவிட்டேன். அன்றிரவே அறிவித்தல் இணையத்தில் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மச்சாள் தொலைபேசி எடுத்தார். “பிள்ளை, ஒருக்கா வா,” என்றார். 

போனபோது அவர் அம்மாவின் வெறும் கட்டிலில் இருந்தார். கையில் தொலைபேசி. அதில் அறிவித்தல் திறந்திருந்தது. சின்ன அண்ணன் பூக்கள் விசயமாக வெளியே போயிருந்தார்.

“லண்டனிலை இருந்து ரெண்டு பேர் எடுத்திட்டினம். பரிசிலை இருந்து ஒராள். மாமியை ஒராளும் விசாரிக்கேல்லை. தம்பியின்ரை செய்தி எப்ப வந்தது, எங்களுக்கு ஏன் சொல்லேல்லை எண்டு கேக்கினம். நான் என்ன சொல்ல?”

நான் மேல்கோட்டைக் கழற்றிக் கட்டில் ஓரத்தில் வைத்தேன்.

“ஆர் உனக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை மச்சாள்.”

“அப்ப எப்பிடி எழுதினனி?”

“முப்பத்தெட்டு வருசம், மச்சாள்.”

“வருசம் எனக்கும் எண்ணத் தெரியும்.” அவர் குரலை உயர்த்தவில்லை. மச்சாள் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. “அப்பான்ரை நோட்டீசிலை அவனுக்கு முன்னாலையும் ஒண்டும் போடாமல் பின்னாலையும் ஒண்டும் போடாமல் விட நான் ரெண்டு நாள் யோசிச்சனான். நீ ஒரு நிமிசத்திலை முடிச்சிட்டாய்.”

“இப்பவே எடுக்கச் சொல்லுறன் மச்சாள். பத்து நிமிசத்திலை எடுப்பினம்.”

“எடுக்கச் சொல்லி நான் கேக்கேல்லை. தெரிஞ்ச ஆள் சொல்லட்டும். சொன்னால் அந்தச் சொல் இருக்கட்டும். நாளைக்கு அத்தான் வருவார்தானே? அவரை எனக்கு முன்னாலை நிண்டு சொல்லச் சொல்லு.”

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று நாளாக ஓடி ஓடிக் கட்டியதை இப்படி ஒரு கேள்வியால் தட்டிவிடுகிறாரே என்று. அடக்கம் முடியும்வரை பொறுக்கக் கூடாதா என்று வாய்வரை வந்தது. முப்பத்தெட்டு வருடம் பொறுத்தவரிடம் அதைச் சொல்லாமல் விட்டதற்காக மட்டும் இன்றைக்கும் என்னை நான் மெச்சிக்கொள்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது மெற்றோவில் என் பாடத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். பெரிய போருக்குப் பிறகு வெர்சாயில் எழுதிய ஒப்பந்தத்தை நான் வருடா வருடம் வகுப்பில் கிழித்துத் தொங்கவிடுவேன். தோற்றவர்களைக் கூப்பிட்டு இருத்திக் கதைக்காமல் எழுதியது, அதனால்தான் நிலைக்கவில்லை என்பேன். ஆனால் அந்த ஒப்பந்தத்துக்குள்ளும் கைதிகளும் கல்லறைகளும் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. உங்களிடம் பிடிபட்டு இறந்தவர்களின் முழுப் பட்டியலையும் தர வேண்டும், பெயர் தெரியாமல் புதைத்தவர்களின் குழிகள் எங்கே என்றும் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. பரீட்சைக்கு வராத பகுதி. நான் ஒரு வருடமும் படிப்பித்ததில்லை. ஒருவரையொருவர் அவ்வளவு வெறுத்தவர்களுக்கே அதை எழுத வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை. தொலைபேசி இலக்கத்துக்கு அரை நாள் கொடுத்த எனக்கு, இந்த வீட்டில் உண்மையில் இழந்தவர் யார் என்று கேட்க ஒரு நிமிடம் இருக்கவில்லை. அதை நினைக்க எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

பெரிய அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.  பின்னால் தொலைக்காட்சியில் யாரோ பிரெஞ்சில் காலநிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“பழைய விசயம் கதைக்கிறேல்லை எண்டு நீதானே எழுதினனி?” என்றார்.

“ஓம். மச்சாள் அதுக்கு ஒத்துக்கொள்ளேல்லை.”

“அவவைக் கேட்டனியோ?”

“இல்லை, அண்ணை.”

தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

“அறிவித்தலிலை அவன்ரை பேரைக் கண்டதும், நல்லது, இவளாவது எழுதிப்போட்டாள் எண்டு நினைச்சன்,” என்றார். “நான் சொல்லத் தேவையில்லாமல் போச்செண்டு.” பிறகு, “வாறன்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குத்தான் சவச்சாலையில் பார்வைக்குக் கதவு திறப்பார்கள். குடும்பத்தவர்களுக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக உள்ளே போகலாம். அங்கே வேலை செய்யும் பெண்ணுக்குச் சேலை கட்டத் தெரியாது, ஆகவே மச்சாளும் நானும்தான் கட்டினோம். மச்சாள் அம்மாவைத் திருப்பிய விதத்தில் நான்கு வருடப் பழக்கம் தெரிந்தது. தலையை எப்படித் தாங்க வேண்டும், எந்தத் தோள் நோகும் தோள் என்று அவர் கைக்குத் தெரியும். இனி நோகாது என்று தெரிந்தும் அந்தத் தோளை அவர் மெதுவாகத்தான் தொட்டார். கொய்யக மடிப்பெல்லாம் பிடித்து முடிந்து, சேலையின் தாவணித் தலைப்பைத் தோளில் எடுத்து வைத்து ஊசி குத்த வேண்டியதுதான் மிச்சம்.

பெரிய அண்ணன் உள்ளே வந்தார். கறுப்பு மேல்கோட்டைக் கழற்றவில்லை. அவருக்குப் பின்னால் சின்ன அண்ணன் வாசலில் வந்து நின்றுகொண்டார். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே கூரைக்குக் கீழே நிற்காத இரண்டு பேர். அதை எவரும் கவனிக்கவில்லை.

மச்சாள் தலையை நிமிர்த்தவில்லை. சேலையின் மடிப்பை நீவிக்கொண்டே கேட்டார்.

“அத்தான், தம்பி இருக்கிறானோ?”

“இல்லை.”

“நினைச்சுச் சொல்லுறியளோ, தெரிஞ்சு சொல்லுறியளோ?”

“தெரிஞ்சுதான். நான் அங்கை நிண்டனான்.” பெரிய அண்ணன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் விட்டார், எடுத்தார். “என்ரை மச்சான் எண்டு சொல்லிப் பாத்தன். கேக்கேல்லை. நான் அதுக்கு மேலை ஒண்டும் செய்யேல்லை. பயமாக் கிடந்தது.”

“எங்கை வைச்சவை?”

“முகாமுக்குப் பின்னாலை. பனங்காணி. இப்ப அதிலை வீடு கட்டி ஆக்கள் இருக்கினம்.”

“எப்ப?”

“கொண்டுவந்து ஒன்பதாம் நாள். வைகாசிக் கடைசி.”

மச்சாள் தலையாட்டினார். கடையில் கேட்ட சாமானுக்குப் பதில் கிடைத்தது போல அவ்வளவு சாதாரணமாகத்தான் தலையாட்டினார். எனக்கு ஒரு நிம்மதி கூட வந்தது. கேட்டார், சொல்லிவிட்டார், முடிந்தது என்று நினைத்தேன். நான் எப்போதும் சீக்கிரம் முடிந்துவிட்டது என்று நினைக்கிற ஆள்.

“மாமிக்குத் தெரியுமோ?” என்று மச்சாள் கேட்டார்.

பெரிய அண்ணன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பவுடர் போட்டு, அம்மாவுக்குப் பழக்கமில்லாத ஒரு நிறத்தில் இருந்தது அந்த முகம்.

“அண்டைக்குப் பின்னேரமே வந்து அம்மாட்டைச் சொன்னனான். அவதான், ஒருத்தருக்கும் சொல்லாதை, நான் பாத்துக்கொள்ளுறன் எண்டவ.”

மச்சாளின் கை நின்றது.

“என்ரை கலியாணம் ஆவணியிலை,” என்றார்.

 வாசலில் நின்ற சின்ன அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை மச்சாள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்குத் தைரியமும் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வைகாசியிலிருந்து ஆவணி வரை அம்மா ஒவ்வொரு நாளும் மாமா வீட்டுக்கு நடந்து போனார். தம்பி வந்து சேருவான், நீ சம்மதி என்று அவர் சொன்னதெல்லாம் அவன் இல்லை என்று தெரிந்துகொண்டு சொன்னது. தெரிந்திருந்தால் மச்சாள் எங்கள் வீட்டுக்கு வாழ வந்திருக்க மாட்டார். ஒரு மகனுடைய உயிர் தப்ப வேண்டும், மற்ற மகன்மேல் பழி வரக் கூடாது, தன் கூடப்பிறந்த தம்பி வீட்டோடு உறவும் அறுந்துவிடக் கூடாது. அம்மாவும் ஒரு ஒப்பந்தம் செய்திருக்கிறார். அது முப்பத்தெட்டு வருடம் நின்றது. பின்னேரச் செபத்தின் கடைசி மன்றாட்டை ஒரு நாளும் தவறாமல் அவரே தொடங்கித்தான் அதை நிற்க வைத்திருந்தார். அம்மாமேல் எனக்கு வந்தது கோபமா, பயமா, இரக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மூன்றுமே வந்து களைத்துவிட்டேன்.

மச்சாள் தன் விரல்களுக்குள் வைத்திருந்த சட்டை ஊசியை என் உள்ளங்கையில் வைத்தார்.

“நீ குத்து, பிள்ளை,” என்றார். “இனி என்னாலை மாமியைத் தொட ஏலாது.”

நான் குத்தினேன். சரியாக வரவில்லை, தாவணி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. இரண்டு தரம் கழற்றிக் கழற்றிக் குத்தினேன். மச்சாள் பார்த்துக்கொண்டு நின்றார், திருத்த வரவில்லை. பிறகு தன் மேல்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். போகும்போது திரும்பி, “அந்தச் சொல் இருக்கட்டும், எடுக்க வேண்டாம்,” என்றார்.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தார்கள். அண்ணன்மார் தலைமாட்டில், ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம், நான் எழுதியபடியே நின்றார்கள். நன்றியுரையும் எழுதியபடியே நடந்தது. சின்ன அண்ணன் வாசிக்கும்போது குரல் தழுதழுத்தது, பெரிய அண்ணன் அவர் முதுகில் கையை வைத்தார். வந்திருந்த சனம் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. தாய் செத்தென்றாலும் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துவிட்டா என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து, நல்ல காரியம் செய்தாய் மகள் என்றார். நான் தலையாட்டினேன்.

மச்சாள் உள்ளே வரவில்லை. முன் மண்டபத்தில், கோட்டு மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையில், பொத்தான் எல்லாம் பூட்டியபடி இருந்து அழுதுகொண்டிருந்தார். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் அவரிடம் நின்று குனிந்து கையைப் பிடித்தார்கள். பெற்ற தாயைப் போலப் பார்த்தீர்கள், அழாதேங்கோ, மாமி நல்லாய் வாழ்ந்து முடிச்சிட்டா என்று ஆறுதல் சொன்னார்கள். அவர் ஒருவரையும் திருத்தவில்லை. ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டு, பத்தொன்பது வயதுத் தம்பிக்காக அழுதுகொண்டே இருந்தார்.